கொம்பில் வைத்த கை

வெள்ளைக் காளையை லாரியிலிருந்து இறக்கியபோதே மன்யாங் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

கொம்புகளின் நுனியை யாரோ அறுத்திருந்தார்கள். காதில் பழைய அடையாள வெட்டின் மேல் புதிதாக ஒரு வெட்டு. ஆனால் இடது கொம்பின் அடியில் அந்தச் சாய்ந்த கீறல் மட்டும் அப்படியே இருந்தது.

அது மன்யாங்கின் கத்தி போட்ட கீறல். கொம்பு அழகாக வளைய வேண்டும் என்று இளங்கன்றில் செதுக்கியபோது கை வழுக்கிவிட்டது. தலையைப் பிடித்திருந்த மகன் அயுவெல் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா, உங்ககிட்ட விட்டா மாடு மொட்டையாத்தான் திரும்பி வரும்."

அயுவெல் செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள் மந்தையைக் கொள்ளையடித்து ஓட்டிக்கொண்டு போன அன்று, மற்ற மாடுகளையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றின் பின்னால்தான் ஓடினான். 'விடுடா, போனால் போகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்யாங் சொல்லவில்லை.

இன்று அதே அக்கரைக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

சமாதானம் முடிந்தால்தான் அக்கரைப் புல்லுக்கு மாடுகளை ஓட்ட முடியும். இக்கரையில் புல் தீர்ந்து, பசுக்களுக்கு மடி வற்றி, பிள்ளைகள் பாலுக்கு அழுதுகொண்டிருந்தன. இரு தரப்பிலும் பேசிப் பேசி இந்த நாளைக் கொண்டுவந்தவர்கள் நீலத் தொப்பி போட்ட அமைதிப்படைக்காரர்கள். பலிக்கு வேறு நிறம் கலக்காத வெள்ளைக் காளை வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அமைதிப்படை அதிகாரி எஃபுவா, கானாக்காரி, நல்ல பெண், டவுன் சந்தையில் அலைந்து தேடி வாங்கி வந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்தில் மாடு வாங்குகிறவன் முதலில் அது எந்த வீட்டுப் பசுவுக்குப் பிறந்தது என்று கேட்பான். விலை அப்புறம்தான். எஃபுவாவின் ஆட்கள் விலையை மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல?

கவச வண்டியின் நிழலில் இரு தரப்புத் துப்பாக்கிகளும் குவிந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில் தம்பி மகன் குவோல் நின்றிருந்தான். அயுவெலோடு ஒரே சட்டியில் கை போட்டுத் தின்று வளர்ந்தவன். கோபம் மூக்கு நுனியில். அந்தக் கீறல் அவன் கண்ணில் பட்டால் தீர்ந்தது. புல்லும் கிடையாது, பாலும் கிடையாது. இன்னும் நாலு பிள்ளைகளைப் புதைக்க வேண்டியதுதான்.

அதைவிட மனைவி அகோனை நினைத்துத்தான் மன்யாங்குக்குப் பயம். பெற்றவள் ஒரு அலறல் போட்டால் யார் யாரைப் பிடித்து நிறுத்துவது?

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், தரப்புக்கு ஒருவராக, ஆளுக்கு ஒரு கொம்பைப் பிடிக்க வேண்டும். மன்யாங் முந்திக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றார். கீறலை உள்ளங்கையால் மூடினார்.

காளை அவரை மோந்து பார்த்தது. பிறகு முழங்கை வியர்வையை நக்க ஆரம்பித்தது. பாவி மாடே, சும்மா இரு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"என்ன பெரியப்பா, ஒரே கொஞ்சலா இருக்கு? பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்று குவோல் கத்தினான். இக்கரைக்காரர்கள் சிரித்தார்கள். காளை நக்குவதைப் பார்த்து அக்கரைக்காரர்களும் சிரித்தார்கள்.

"உப்பைக் கண்டா நக்கத்தான்டா செய்யும். வாயை மூடு."

பூசைப் பெரியவர் வேண்டுதலை முடித்து ஈட்டியை எடுத்தார். அப்போது பெண்கள் பக்கமிருந்து அகோன் எழுந்தாள். மகன் போனதிலிருந்து வாய் திறந்து பாடாதவள் பாட ஆரம்பித்தாள்.

முதல் அடியிலேயே மன்யாங் கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இந்தக் காளைக்காக அயுவெல் கட்டிய பாட்டு அது. மாலையில் மந்தையோடு திரும்பும்போது பாடிக்கொண்டு வருவான்.

காளை காதை நிமிர்த்தி அவள் பக்கம் திரும்பியது.

அக்கரைக்காரர்களுக்கு அந்த மொழி தெரியாது. இக்கரையில் அந்தப் பாட்டுத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. குவோல் காளையைப் பார்த்தான். பெரியப்பாவின் மூடிய கையைப் பார்த்தான். முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. துப்பாக்கிகளை நோக்கி ஓர் அடி வைத்தான்.

அகோன் நிறுத்தவில்லை. அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு இரண்டாம் அடியைத் தொடங்கி, பாதியில் விட்டாள். மீதிப் பாதியை எப்போதும் குவோல்தான் பாடுவான்.

அவன் உதடு கோணியது. நின்ற இடத்திலேயே உடைந்த குரலில் பாடினான். அதற்குப் பிறகு இக்கரை மொத்தமும் பாடியது.

ஈட்டி இறங்கியது.

எஃபுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளன் சாந்தினோவிடம் ஏதோ கேட்டாள். அவனும் இக்கரைக்காரன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மன்யாங்கிடம் வந்தான்.

"இது சமாதானப் பாட்டான்னு கேக்குறாங்க, மாமா."

"ஆமான்னு சொல்லு."

காளை அடங்கிவிட்டது. மன்யாங் இன்னும் கொம்பை விடவில்லை. அகோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"லாரியிலேர்ந்து இறங்குறப்பவே எனக்குத் தெரியும். அது நடை எனக்குத் தெரியாதா? என்கிட்டயாவது வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

மன்யாங் வாயைத் திறந்தார். மகன் ஓடிய அன்றைக்குப் போலவே ஒன்றும் வரவில்லை.