மெத்தைக் கடையில் இரண்டு முதல் நாலு வரை

கேமரா பழுதென்று என்னை வரவழைத்திருந்த மெத்தைக் கடை முதலாளி, கணினித் திரையில் விரலை வைத்துக் குத்தினார்.

"இந்த ரெண்டு மணி நேரம் எங்க போச்சு தம்பி?"

கேமராவின் நேரக்கோட்டில் மதியம் இரண்டு வரை, பதிவு இருப்பதைக் காட்டும் நீலம். நாலுக்குப் பிறகு மறுபடி நீலம். நடுவே ஒன்றுமில்லை. தினமும் இதே கதை.

அது பழுது இல்லை, ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்திருக்கிறது என்றேன். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கடையில் ஒரு துரும்புகூட அசையவில்லை என்றால், சேல்ஸ்மேன் தூங்குகிறார் என்றுதானே அர்த்தம்? தான் பகலில் கண்ணை மூடியதே இல்லை என்றும், ஆதாரம் மட்டும் கிடைக்கட்டும், அன்றைக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

சேல்ஸ்மேன் அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் வேலை. ஊழியர்கள் மெத்தையில் உட்காரக் கூடாது என்பது கடையின் முதல் சட்டம் என்பதால், அவருக்கென்று ஒரு பழைய இரும்பு ஸ்டூல்.

இனி எந்நேரமும் பதிவாகும்படி வைக்கச் சொன்னார் முதலாளி.

அமைப்புகளைத் திறந்து, 'அசைவின்போது' என்றிருந்ததைத் 'தொடர்ச்சியாக' என்று மாற்றினேன். பதிவு அட்டவணையில் ஏழு நாளின் கட்டங்களையும் பச்சையாக்கினேன். ஒவ்வொரு கேமராவாகச் செய்யச் சோம்பல்பட்டு, 'எல்லாவற்றுக்கும் நகலெடு' என்பதை அழுத்திச் சேமித்தேன்.

மறுநாள் மாலை, மூவரும் அதே திரையின் முன். கடைக்கூடத்தின் பதிவைப் பெரிதாக்கி ஓட்டினேன்.

இரண்டு மணி. அண்ணன் ஸ்டூலைத் தூக்கி வந்து, முதலாளி அறையின் கதவோரம் வைத்து, காவல்காரர் மாதிரி உட்கார்ந்தார். கண் திறந்தே இருந்தது. முதுகு நிமிர்ந்தே இருந்தது. மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அப்போதும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார்.

வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஈதான் வேகமாகப் போனது.

முதலாளிக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. தூங்கவில்லை, சரி, மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கவா ஆள் வைத்திருக்கிறேன், இதற்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்று எகிறினார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"அசைஞ்சா அந்த ஸ்டூல் கிறீச்சுனு கத்தும் முதலாளி."

கத்தினால் என்ன என்று அவர் கேட்பதற்குள் நான் கூடத்தின் படத்தைச் சிறிதாக்கிவிட்டேன். நான்கு கேமராவும் நான்கு கட்டமாகத் திரையில் வந்தன.

நான்காவது கட்டம், முதலாளியின் அறை. அதே மதியம், இரண்டரை மணி. மேஜை மேல் இரண்டு கால்கள். நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி முதலாளி. அங்கேயும் ஒரு துரும்பு அசையவில்லை.

மூவரும் பார்த்தோம்.

பழையபடியே மாற்றிவிடட்டுமா என்று மெல்லக் கேட்டேன். முதலாளி சரியென்று தலையை ஆட்டினார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளையிலேர்ந்து மெத்தை மேலயே உக்காரு. அதுல சத்தம் வராது."