சகாயராஜ் போன்

யாரும் கேட்காமலே ரீசெட் பட்டனை அழுத்திவிட்டான் வேல்குமார். பின்னலாடைக் கல்லூரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே திறமையைக் காட்டிவிடும் அவசரம் அவனுக்கு. அலுவலகப் பிரிண்டரின் திரையில் ஓடிக்கொண்டிருந்த ‘சகாயராஜ் போனைத் தேடுகிறது’ என்ற வரி மறைந்தது. பிரிண்டர் சமர்த்தாகக் கல்லூரி வைஃபையில் சேர்ந்துகொண்டது.

கிளார்க் ரோஸ்மேரி பதறி எழுந்தாள். “ஐயோ, அழிச்சிட்டீங்களா சார்? நாந்தான் கேபிள் போட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டிருந்தேனே?”

“இனி கேபிளே வேண்டாமுங்க. யாருங்க அந்தச் சகாயராஜ்? ஆபீஸ் மெஷினைச் சொந்த ஹாட்ஸ்பாட்டுல கட்டிப்போட்டுட்டுப் போனவரு! வரட்டும், ஒரு பிடி பிடிக்கறேன்.”

ரோஸ்மேரி வெறும் திரையைத் தடவினாள்.

“வரமாட்டாவ சார். எம் புருசன். இந்த சீட்லதான் இருந்தாவ. அவிய எறந்த பொறவு வேலைய எனக்குக் குடுத்தாவ. தெனமும் காலைல மெஷினைப் போட்டா, என்கூடச் சேந்து அதுவும் அவியளத் தேடும்.”