கடுகளவு கல்

மாசிலாமணி மயக்க மருந்தில் உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சிறுநீரகத்தில் இருந்த கல்லை லேசர் பொடிப்பொடியாக்கியது. கூடவே போன உறிஞ்சுகுழாய் அந்தப் பொடியையெல்லாம் இழுத்து வெளியே அனுப்பியது. கடைசியில் கடுகளவு துண்டு ஒன்று மட்டும் மூலையில் ஒண்டிக்கொண்டது.

"என் வேலை முடிந்தது. அந்தத் துக்கடாவை விடு, போகலாம்" என்றது லேசர்.

"விட்டால் மறுபடி வளரும். பாவம், மனுஷர் இன்னொரு தடவை துடிக்கணுமா?" என்ற குழாய், துண்டின் பக்கத்தில் போய் மெல்லக் கூப்பிட்டது. "வா கண்ணு."

"வரமாட்டேன். நான் லேசாக அசைந்தாலே போதும், பாதிச் சாப்பாட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். இங்கே எனக்கு அவ்வளவு மதிப்பு. வெளியே போனால் என்னை யார் நினைப்பார்கள்?"

"அட அசடே, உனக்கு மனுஷரைத் தெரியவில்லை. இனிமேல்தான் உன்னைப் பற்றியே பேசப்போகிறார். என்னை நம்பி வா."

கல் அரை மனதோடு பிடியை விட்டது. குழாய் அதைப் பதமாக உறிஞ்சிக்கொண்டது.

டாக்டர் அந்தக் கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு மாசிலாமணியிடமே கொடுத்தார். அவர் அதை வீட்டு ஷோகேஸில் வைத்தார். ஆப்பிளோடு நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் எடுத்து நீட்டினார்.

"இது வெறும் துணுக்கு. முழுசா இருந்தப்போ பார்க்கணுமே!"

பக்கத்து வீட்டுக்காரரிடம் புளியங்கொட்டை சைஸ் என்றார். ஆபீஸ் நண்பரிடம் நெல்லிக்காய் என்றார். சம்பந்தி வந்தபோது அது எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது.

கல்லுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மறுபடி காலிங்பெல் அடித்தபோது, பாட்டிலில் வெளிச்சம் விழும் பக்கமாக உருண்டு போய் உட்கார்ந்துகொண்டது.