பதினேழாம் நம்பர் சட்டை

"கழட்டச் சொல்லுய்யா அந்தச் சட்டையை!"

டார்சி போட்ட சத்தத்துல, ஐஸ் ஹாக்கி அரங்கத்துல எங்க ஊர்ப் பசங்க மேட்ச் பார்க்கக் காபியும் கையுமா உட்கார்ந்திருந்த நாங்க அத்தனை பேரும் திரும்பினோம்.

ஐஸ்ல ஊருக்குப் புதுசா வந்த ஒரு சின்னப் பொண்ணு சறுக்கிப் பழகிட்டிருந்தா. பேரு அல்தியா. போன மாசம்தான் மணிலாவுல இருந்து கனடாவுல எங்க சஸ்காட்சவான் பக்கம் குடிவந்த குடும்பம். அவ முதுகுல பதினேழாம் நம்பர்!

அது எங்க டீம்ல இருந்த எம்மெட்டோட நம்பர். கோடை லீவுல திடீர்னு ஒரு காய்ச்சல், விடியறதுக்குள்ள போயிட்டான். பத்து வயசுப் பையன், சாகற வயசா அது?

அந்த நம்பரை இனி யாருக்கும் தரக் கூடாது, அரங்கத்துச் சுவத்துல மாட்டி அவனுக்கு மரியாதை பண்ணணும்னு ஊரே கூடி முடிவு பண்ணியிருந்தோம். இன்னிக்கு சீசனோட முதல் மேட்ச். இடைவேளையில விழா. கண்ணாடிப் பெட்டிகூடத் தயார்.

"டார்சி, அது வந்து..." கோச் ரஸ் இழுத்தார்.

"என்னய்யா வந்து, போயி? செத்த பிள்ளையோட சட்டையை நேத்து வந்தவளுக்குத் தூக்கிக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா? பெத்தவ பார்த்தா நெஞ்சு வெடிச்சுடாது?"

"நல்லா உறைக்கிற மாதிரி கேளுங்க!" டார்சியோட மனைவி ஷெரி எடுத்துக் கொடுத்தாள்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "ஏன் கோச், வேற நம்பருக்கா பஞ்சம்?"

அல்தியாவோட அப்பா ஓடி வந்தார். "சார், அவங்கதான் வீட்டுக்கு வந்து..."

"நீ பேசாதேய்யா!" டார்சி சீறினார். "ஊருக்கு வந்து நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள..."

"அவர் பேச வேண்டாம். நான் பேசறேன்."

எம்மெட்டோட அம்மா லோர்னா. எப்போ உள்ளே வந்தாளோ, தெரியலை.

"சட்டையைக் குடுத்தது நான்தான். என் கையாலதான் அவளுக்குப் போட்டுவிட்டேன்."

டார்சி குரலை இறக்கினார். "லோர்னா... நாங்க உன் பிள்ளை ஞாபகமா சுவத்துல மாட்டணும்னு..."

"இப்போதான் அவன் ஞாபகம் வந்துதா?" லோர்னா எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "போன சீசன் பூரா, 'அவனை இறக்கினா தோத்துடுவோம்'னு இங்கேயே நின்னு கத்தினது நீங்கதானே? கடைசி வரைக்கும் பெஞ்சுலயே உட்கார வெச்சீங்க. வேர்வையே படாம வீட்டுக்கு வந்த சட்டை அது. இனி சுவத்துலயும் உட்கார வைக்கப் போறீங்களா? இன்னிக்காவது ஆடட்டும், விடுங்க!"