ஓரங்கட்டப்பட்ட நீலவாலன்

பயணிகள் குறைந்ததும், நீலவாலன் என்ற விமானத்தைக் கம்பெனி இழுத்துக்கொண்டு போய் ஓடுபாதைக்கு அப்பால் புல்வெளி ஓரமாக நிறுத்திவிட்டது.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு ராஜா. கூட்டம் வந்ததும் முதல் ஆளா உன்னைத்தான் கூப்பிடுவோம்" என்று மேனேஜர் தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் நின்ற மொட்டையன் என்ற பழைய விமானம் அதே குழைந்த குரலில், "ரெஸ்ட் எடு ராஜாஆஆ" என்று பழிப்புக் காட்டினான். "என்னையும் இப்படித்தான் கொஞ்சினாங்க தம்பி. இப்ப பாரு, வெறும் கூடு."

"உங்களுக்கு வயசாச்சு அண்ணே. நான் திரும்பப் பறக்கப் போறவன்."

அடுத்த வாரமே மெக்கானிக்குகள் ஏணியோடு வந்தார்கள். நீலவாலனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சீட்டுகளைக் கழற்றினார்கள். "புதுசு போடுவாங்க" என்றான். ஒரு எஞ்சினைக் கழற்றினார்கள். "சர்வீஸுக்குத்தான்" என்றான்.

சில நாள் கழித்து வேறொரு விமானம் அவர்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது.

"தம்பி, அது உன் எஞ்சின் சத்தம்தானே?"

மெக்கானிக்குகள் மறுபடி வந்து, மிச்சமிருந்த எஞ்சினில் ஏணியைச் சாய்த்தார்கள். நீலவாலன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"பாத்தீங்களா அண்ணே? நான் இல்லாம கம்பெனியால ஒரு நாள்கூடத் தள்ள முடியல!"