மடிப்புக்குள் பச்சை

அவுரி இலையைப் புளிக்கவைத்த சாயத்தொட்டியில் முங்கிவிட்டு மேலே வந்த பருத்தித் துண்டு, பச்சையாக இருந்தது. நல்ல தளிர்ப் பச்சை. தன்னைப் பார்த்து அதற்கே வெட்கம் வந்துவிட்டது.

"நான் இப்படியே இருந்துடறேன்," என்றது, கொடியில் தொங்கியபடி.

"கொடிக்கு வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க," என்றது கொடிக்கயிறு. "தொட்டியை விட்டு வரும்போது பச்சைதான். காத்துப் பட்டதும் நீலமாயிடும். அந்த நீலத்துக்குத்தான் உன்னை முக்கினதே."

"நீலத்தை நான் குறை சொல்லலைண்ணே. ஆனா இப்போ பச்சையா இருக்கேனே!"

பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று வந்தது. ஓரத்திலிருந்து நீலம் ஏறத் தொடங்கியது. துண்டு பதறிப்போய்த் தன் ஒரு முனையைச் சுருட்டி உள்ளே இறுக்கி மடித்துக்கொண்டது.

காற்று சுற்றிச் சுற்றி வந்தது. "கொஞ்சம் திறயேன், ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"போ போ, உன்னைத் தெரியாதா எனக்கு!"

சாயங்காலத்துக்குள் அந்த மடிப்பைத் தவிர மற்ற இடமெல்லாம் நீலமாகிவிட்டது. பக்கத்துத் துணிகள் காற்றோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. இது மட்டும் கையை மூடிக்கொண்ட குழந்தை மாதிரி தொங்கியது.

"வலிக்கலையா?" என்று கேட்டது கயிறு.

"வலிக்குது."

"உள்ளே இன்னும் பச்சையாத்தான் இருக்கா?"



"தெரியலைண்ணே. பார்க்கணும்னா திறக்கணுமே," என்று சொல்லிவிட்டு, மடிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது.