வீட்டுச் சாட்சி

முந்நூறு கிராமங்களில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததற்காக, கௌரவ டாக்டர் பட்டத்துக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு இப்போது ஆட்கள் இல்லாத வெறும் இயந்திரக் குரல்தான். வீட்டுச் சுவர்த்திரைக்கே வந்துவிடுகிறது. அந்த வீட்டில் அதிக நேரம் புழங்கும் ஒருவர் பரிந்துரையைத் தன் வாயால் வாசித்து, உண்மை என்று சொல்ல வேண்டும்.

தன்னைத்தான் கூப்பிடும் என்று என் கணவர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். குரலோ, "மாரிக்கனி அவர்கள் வரலாம்" என்றது.

பத்தொன்பது வருடமாக எங்களுக்குச் சமைப்பவள் மாரிக்கனி. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்யா" என்றாள் குரலிடம்.

அவளிடம் கண்ணாடியே கிடையாது. என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. "ஆமாமா, அடிக்கடி மறந்துருவா" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"பரவாயில்லை, எழுத்தைப் பெரிதாக்குகிறேன்" என்றது குரல்.

"இன்னுங் கொஞ்சம் பெரிசா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சுவர் முழுக்க ஒரே ஓர் எழுத்து நின்றது. ஒவ்வொரு கிராமத்திலும் முதல் நாள் நான் கரும்பலகையில் எழுதிய அதே ‘அ’.

மாரிக்கனி என் காதருகே குனிந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க டீச்சர். நான் அப்படியே திருப்பிச் சொல்லிருதேன்."